"லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போ"ன்னு சொன்னா, உடனே எழுதாதீங்க



போன வாரம் கிராஜுவிட்டி வீடியோ போட்டதும் ஒரு சகோதரி மெசேஜ் பண்ணியிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் ஒரு பெரிய மளிகைக் கடையில 11 வருஷமா கேஷியர். ஒரு நாள் ராத்திரி கணக்கு முடிக்கும்போது 38,000 ரூபாய் குறையுது. மேனேஜர் அவரை மாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போறார். எட்டு மணிக்கு உள்ள போனவர் பதினொன்றரைக்கு வெளிய வர்றார். வரும்போது ரெண்டு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கார். ஒண்ணு, "பணத்தை நான்தான் எடுத்தேன், என் கணக்குல பிடிச்சுக்கலாம்." இன்னொண்ணு, "சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்."

அந்த மாசச் சம்பளம் வரல. கிராஜுவிட்டி கேட்டதுக்கு, "திருடினவனுக்கு என்ன கிராஜுவிட்டி, போலீஸ்ல கொடுக்காம விட்டதே பெருசு"ன்னு பதில். சகோதரி கடைசியா ஒரு வரி எழுதியிருந்தாங்க: "அண்ணா, அவர் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அந்த 38,000 போனாப் போகட்டும். மிச்சமாவது வருமா?"

அவங்க அனுமதியோடதான் இதை எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேலை செய்யற இடத்துல ஒரு தப்பு நடந்துட்டா, அந்தத் தப்பால வர்ற பண நஷ்டத்தை விட, முதல் ஒரு மணி நேரத்துல பயத்துல போடற கையெழுத்தால வர்ற நஷ்டம் பல மடங்கு அதிகம். இதைத் தெரிஞ்சுக்காம நீங்க எஸ்.ஐ.பி. போட்டு, இன்ஷூரன்ஸ் எடுத்து, எமர்ஜென்சி ஃபண்ட் சேர்த்து என்ன பிரயோஜனம்? பத்து வருஷ உழைப்புல சேர்ந்தது ஒரு வெள்ளைப் பேப்பர்ல போயிடும்.

நானும் ஒரு டிக் போட்டிருக்கேன்

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணின காலத்துல ஒரு ஜவுளிக் கடை ஆடிட்டுக்கு என்னை அனுப்பினாங்க. லெட்ஜர்ல "ஸ்டாஃப் ரெக்கவரி"ன்னு ஒரு தலைப்பு. துணி கிழிஞ்சா, கணக்கு குறைஞ்சா, லேட்டா வந்தா, எல்லாத்துக்கும் அதுல வரவு. ஒரு கவுன்ட்டர்ல 3,000 குறைஞ்சா அங்க நிக்கிற ஆறு பேருக்கும் தலைக்கு 500. சீனியர்கிட்ட கேட்டேன். "வவுச்சர் இருக்குல்ல, டிக் பண்ணு"ன்னார். பண்ணினேன்.

மதியம் சாப்பிடும்போது கேஷ் கவுன்ட்டர் அக்கா ஒருத்தங்க வந்து, "தம்பி, நீங்க ஆடிட்டர் ஆபீஸ்தானே, எங்ககிட்ட பிடிக்கிற காசை வருஷக் கடைசில திருப்பித் தருவாங்களா?"ன்னு கேட்டாங்க. "கேட்டுச் சொல்றேன்க்கா"ன்னேன். கேக்கவே இல்ல. அப்போ எனக்குச் சட்டம் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனான்னு தெரியல. அதனால இன்னிக்கு எழுதறேன்.

சம்பளத்துல கை வைக்க ஒரு முறை இருக்கு

1936-ஆம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்துல இருந்தே இதுக்கு விதி இருக்கு. 2025 நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததே, அதுல ஊதியத் தொகுப்புலயும் அதே விதிகள்தான் தொடருது. ஒரு நல்ல மாற்றம் என்னன்னா, பழைய சட்டம் ஒரு குறிப்பிட்ட சம்பளம் வரைக்கும்தான் பொருந்தும். புதுசுல அந்த உச்சவரம்பு இல்ல.

மூணு விஷயத்தை மட்டும் மனசுல வைங்க.

ஒண்ணு, அபராதம். ஒரு மாசத்துக்கு ஊதியத்துல 3 சதவீதத்துக்கு மேல அபராதம் போட முடியாது. 18,000 ரூபாய் ஊதியம்னா அதிகபட்சம் 540. எந்தெந்தத் தப்புக்கு அபராதம்னு முன்கூட்டியே அறிவிச்சிருக்கணும். உங்க விளக்கத்தைக் கேட்டுட்டுத்தான் போடணும். முக்கியமா, அந்தப் பணம் முதலாளி லாபத்துல சேரக் கூடாது. ஊழியர்களோட நலனுக்குத்தான் செலவு பண்ணணும். அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கதான் இருந்திருக்கு. அது கடையோட வருமானமே இல்ல. நான் அதை வருமானம்னு டிக் பண்ணினேன்.

ரெண்டு, நஷ்ட ஈடு. உங்க பொறுப்புல ஒப்படைச்ச பொருளோ, நீங்க கணக்குக் காட்ட வேண்டிய பணமோ, நேரடியா உங்க கவனக்குறைவாலயோ தவறாலயோ போயிருந்தாதான் பிடிக்கலாம். அதுவும் நிஜமா ஆன நஷ்டத்துக்கு மேல கூடாது. பிடிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட விளக்கம் கேட்கணும். "யார் எடுத்தாங்கன்னு தெரியல, ஆறு பேரும் பங்கு போட்டுக் கட்டுங்க"ன்னு சொல்றதுக்குச் சட்டத்துல இடமே கிடையாது.

மூணு, மொத்த வரம்பு. பி.எஃப்., அட்வான்ஸ், அபராதம் எல்லாம் சேர்த்து ஒரு மாச ஊதியத்துல பாதிக்கு மேல பிடிக்கக் கூடாது. வேலையை விட்டு நீங்க போனாலும், அவங்க நீக்கினாலும், பாக்கி ஊதியத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள கொடுத்தாகணும். "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்"ங்கறது கம்பெனி வழக்கம், சட்டம் இல்ல.

கிராஜுவிட்டி: இங்கதான் பெரிய கணக்கு

நம்ம சகோதரியோட வீட்டுக்காரர் கணக்கைப் போட்டுப் பாப்போம். புரியறதுக்காக கடைசி ஊதியம் 18,000-னு வைங்க. அதை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, 11 வருஷத்தால பெருக்கினா 1,14,231 ரூபாய். 10 பேருக்கு மேல வேலை பாக்கற கடை, 5 வருஷ சர்வீஸ் எல்லாம் இருக்கு. 30 நாளுக்குள்ள கொடுக்கணும். தாமதம் ஆனா வட்டியும் சேரும்.

இதை நிறுத்தி வைக்க முடியுமா? முடியும். ஆனா ரெண்டே வழி. முதல் வழி, உங்க செயலாலயோ அலட்சியத்தாலயோ நிறுவனத்தோட சொத்துக்கு நஷ்டம் ஆகி, அதுக்காக உங்களை நீக்கியிருக்கணும். அப்பவும் நஷ்டம் ஆன அளவுக்குத்தான் பிடிக்கலாம். 38,000 நஷ்டம்னா மீதி 76,231 கொடுத்தாகணும். ரெண்டாவது வழி, அடிதடி, வன்முறை, இல்லன்னா வேலை நேரத்துல நடந்த ஒழுக்கக்கேடான குற்றம். திருட்டு, மோசடி எல்லாம் இதுல வரும். அதுக்காக நீக்கினா முழுசாவோ பகுதியாவோ பறிக்கலாம்.

ரெண்டுலயும் "நீக்கியிருக்கணும்"ங்கற வார்த்தையைக் கவனிச்சீங்களா? ராஜினாமா பண்ணினவரை நிறுவனம் நீக்கல. அப்போ எதை வெச்சுக் கிராஜுவிட்டியைப் பிடிக்கறாங்க? மூணு மணி நேரம் உக்கார வெச்சு "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு எழுதி வாங்கினவங்க, அந்த ஒரு வரியாலேயே தங்களோட வழியையும் அடைச்சுக்கிட்டாங்க. இதை அந்தக் கடைக்காரரும் யோசிக்கல, கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியல.

இன்னொரு முக்கியமான மாற்றம். ஒழுக்கக்கேடான குற்றம்னு சொல்லிக் கிராஜுவிட்டியைப் பறிக்கணும்னா கோர்ட்ல தண்டனை ஆகியிருக்கணும்னு 2018-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல சொல்லியிருந்தது. 2025 பிப்ரவரியில வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்குல அது மாறிடுச்சு. குற்ற வழக்குத் தண்டனை தேவையில்ல, துறை விசாரணையில நிரூபணம் ஆனாலே போதும்னு சொல்லிட்டாங்க. அதே தீர்ப்புல, டிக்கெட் காசைக் கையாடின மகாராஷ்டிரா பஸ் கண்டக்டர்களுக்கு முழுசையும் பறிக்காம, தொகை சின்னதுங்கறதால 25 சதவீதம் மட்டும் பிடிச்சா போதும்னு குறைச்சாங்க.

இதுல நமக்கு என்ன பாடம்? முன்னாடி "கோர்ட்ல பாத்துக்கலாம்"னு இருந்திருக்கலாம். இப்போ உங்க பணத்தோட தலையெழுத்து கம்பெனிக்குள்ள நடக்கற விசாரணை மேஜையிலேயே தீர்மானம் ஆகலாம். அதனால அந்த விசாரணையை விட்டுட்டு ஓடாதீங்க.

பி.எஃப். பத்திப் பயப்படாதீங்க. வேலை நீக்கம் ஆனாலும் அதை யாரும் பறிக்க முடியாது. நிறுவனம் விலகின தேதியைப் போடாம இழுத்தா, கடைசிப் பங்களிப்புக்கு ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம்.

ஷோ காஸ் நோட்டீஸ் வந்தா

நிறைய பேர் ஷோ காஸ் நோட்டீஸைப் பாத்ததும் வேலை போச்சுன்னு நினைக்கறாங்க. என்னைக் கேட்டா, நோட்டீஸ் வந்தா சந்தோஷப்படுங்க. முறைப்படி போறாங்கன்னு அர்த்தம். பயப்பட வேண்டியது, நோட்டீஸே இல்லாம ரூமுக்குக் கூப்பிடும்போதுதான்.

நிலையாணைகள் பெரிய நிறுவனத்துக்குத்தானே, நம்ம கடைக்கு எதுன்னு கேப்பீங்க. புதுத் தொகுப்புல 300 பேர் இருக்கற இடத்துக்குத்தான் அது கட்டாயம். உண்மைதான். ஆனா தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல இருந்தே இருக்கு. 6 மாசம் தொடர்ந்து வேலை பாத்தவரை நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாம நீக்க முடியாதுன்னு அதோட 41-ஆவது பிரிவு சொல்லுது. தவறான நடத்தைக்காக நோட்டீஸ் இல்லாம நீக்கணும்னா, விசாரணை வெச்சு ஆதாரத்தைப் பதிவு பண்ணியிருக்கணும். அதுக்கு மேல அப்பீலும் உண்டு. அப்பீலுக்கு நாள் கம்மி, அதனால தள்ளிப் போடாதீங்க.

விசாரணை முடியற வரை சஸ்பெண்ட் பண்ணலாம். ஆனா பட்டினி போட முடியாது. தமிழ்நாட்டுல 1981-லேயே பிழைப்பூதியத்துக்குத் தனிச் சட்டம் போட்டாங்க. முதல் 90 நாள் பாதி, 180 நாள் வரை முக்கால் பங்கு, அதுக்கு மேல முழுசு. தாமதத்துக்கு நீங்க காரணமா இருந்தா பாதியிலேயே நிக்கும். மத்தியத் தொகுப்புல 90 நாளுக்கு மேல முக்கால் பங்கு. இந்தத் தொகைக்கும் சம்பளம் மாதிரியே வருமான வரி உண்டுங்கறதை மறந்துடாதீங்க.

பதில் எழுதும்போது குற்றச்சாட்டு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் சொல்லுங்க. சி.சி.டி.வி. பதிவு, அன்னிக்கு பில்லிங் ரிப்போர்ட், யாரெல்லாம் அந்த கவுன்ட்டர்ல லாகின் பண்ணினாங்கங்கற விவரம், எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க. கோபத்தைக் காட்டாதீங்க. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை பண்ண வாய்ப்புக் கேளுங்க. நீங்க கொடுக்கற ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு காப்பியில தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. ரூமுக்குக் கூப்பிட்டு மிரட்டினா ஒரே வரி போதும்: "நோட்டீஸ் கொடுங்க சார், நான் எழுத்துல பதில் சொல்றேன்."

"போலீஸ்ல கொடுப்பேன்"னு சொன்னா? கொடுக்கட்டும். அது அவங்க உரிமை. பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவுல ஊழியர் செய்யற நம்பிக்கை மோசடிக்கு 7 வருஷம் வரை தண்டனை இருக்கு. அதனாலதான் சொல்றேன், நீங்க எழுதிக் கொடுக்கற ஒப்புதல் லெட்டர் உங்களைக் காப்பாத்தற சீட்டு இல்ல. நாளைக்கு அதையே உங்களுக்கு எதிரா வைப்பாங்க.

நிஜமாவே தப்பு பண்ணியிருந்தா?

இதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதலைன்னு ஆகிடும். "ஊழியர் எப்பவும் சரி"ன்னு நான் சொல்ல வரல. காசு விஷயத்துல கோர்ட் ரொம்பக் கறாரா இருக்கும். கண்டக்டர் வழக்குகள்ல, போன தொகை சின்னதா இருந்தாலும் நம்பிக்கை போயிடுச்சுன்னா வேலை நீக்கம் சரிதான்னு உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கு. குற்ற வழக்குல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். துறை விசாரணையில நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சாலே போதும். அதனால கோர்ட்ல விடுதலை ஆனாலும் வேலை தானா திரும்ப வராது.

தப்பு உங்க பேர்ல இருந்தா ஒரு வக்கீல் கிட்டப் பேசிட்டு, பணத்தைத் திருப்பிக் கட்ட எழுத்துப்பூர்வமா முன்வாங்க. முதல் தப்புங்கறதையும், சர்வீஸையும் சொல்லி தண்டனையைக் குறைக்கக் கேளுங்க. வேலை போறது வேற, பத்து வருஷமா சம்பாதிச்சது போறது வேற. முதலாவது உங்க தப்புக்கான விலை. ரெண்டாவதுல எவ்வளவு போகணும்னு முடிவு பண்ண ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைக் கேக்கறது திருடனுக்கு வக்காலத்து இல்ல.

முதலாளிகளுக்கும் நாலு வார்த்தை

என் கிளையன்ட்ஸ்ல பாதிப் பேர் கடை வெச்சிருக்கறவங்க. "விசாரணை எல்லாம் யார் சார் பண்றது, எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டா முடிஞ்சுது"ன்னு சொல்வாங்க. அவங்க வழியிலேயே கணக்கு போட்டுக் காட்டறேன்.

ஊழியர் கையாடின பணத்தை வியாபார நஷ்டமா வருமானத்துல கழிக்கலாம். 1958-ல பத்ரிதாஸ் டாகா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம் இது. கையாடல் கண்டுபிடிச்ச வருஷத்துல கழிக்கலாம்னு வரித்துறையே 1965-ல தெளிவுபடுத்தியிருக்கு. ஆனா அதிகாரி கேக்கும்போது என்ன காட்டுவீங்க? விசாரணை அறிக்கை இருக்கா, புகார் இருக்கா, நீக்கின உத்தரவு இருக்கா? "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்"ங்கற லெட்டரைக் காட்டினா யார் நம்புவாங்க? ஊழியர் மோசடிக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தாலும் கம்பெனிக்காரன் முதல்ல கேக்கறது இந்தப் பேப்பரைத்தான். கிராஜுவிட்டியைப் பிடிக்கற உரிமை ராஜினாமாவோட போயிடுதுன்னு மேலயே பாத்துட்டோம். இதுல எங்கேயும் சுருக்கு வழி லாபம் இல்ல.

முக்கியமா ஒண்ணு. விசாரணை வெச்சாதான் நிஜமா எடுத்தது யார்னு தெரியும். அப்பாவியை அனுப்பிட்டீங்கன்னா, எடுத்தவன் இன்னும் உங்க கல்லாவிலதான் உக்காந்திருக்கான்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது

முதல்ல, அந்த லெட்டரை எந்தச் சூழ்நிலையில எழுதினார், யார் யார் இருந்தாங்க, எத்தனை மணி நேரம்னு எல்லாத்தையும் எழுதி, "அதை ஏத்துக்கல, வாபஸ் வாங்கறேன்"னு கடைக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பச் சொன்னேன். தாமதிக்கற ஒவ்வொரு நாளும், "பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே"ங்கற கேள்வி பலமாகும். ரெண்டாவது, கிராஜுவிட்டிக்கு எழுத்துல விண்ணப்பம். பதில் வரலைன்னா தொழிலாளர் துறை அலுவலகம். மூணாவது, கட்டாயப்படுத்தி வாங்கின ராஜினாமாவும் வேலை நீக்கம்தான்னு வாதாட முடியுமான்னு வக்கீலைக் கேக்கறது. வக்கீலுக்குக் காசு இல்லைன்னு தயங்காதீங்க. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல தொழிலாளிக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணலாம்.

நான் ஆடிட்டர், வக்கீல் இல்ல. ஒவ்வொருத்தர் கேஸும் வேற வேற. இதைப் படிச்சுட்டு நீங்களே வாதாடப் போகாதீங்க. ஆனா எதைக் கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

"மிச்சமாவது வருமா?"ன்னு கேட்டாங்களே, அவங்களுக்கு நான் எழுதின பதில் இதுதான்: "வரும்னு வாக்குக் கொடுக்க என்னால முடியாதும்மா. ஆனா முதல்ல 'அந்த 38,000 போனாப் போகட்டும்'னு சொல்றதை நிறுத்துங்க. அவர் எடுக்கலைன்னா அதுவும் உங்க காசுதான்."

உங்க கடையில, ஆபீஸ்ல ஷார்ட்டேஜ்னு சொல்லிப் பிடிச்சிருந்தா கமென்ட்ல எழுதுங்க. நிறுவனத்தோட பேர் வேண்டாம், எவ்வளவு ஊதியம், எவ்வளவு பிடிச்சாங்கன்னு மட்டும் போடுங்க. அடுத்த வீடியோல பே ஸ்லிப்பைத் திரையில வெச்சு வரி வரியா கணக்கு பாப்போம்.